ஃபூஜியன்: மூழ்கிய பள்ளத்தாக்குகளின் கரை

எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு வயல். தங்கள் நிலத்தைப் பற்றி ஃபூஜியன் மக்கள் சொல்லும் சொலவடை இது. கணக்கு ஏறக்குறைய சரிதான். சீனத்தின் தென்கிழக்குக் கரையில், தைவானைப் பார்த்தபடி இருக்கும் இந்த மாகாணத்தில் சமவெளி அரிது. வடமேற்கில் வூயி மலைத்தொடர் 2,100 மீட்டருக்கு மேல் எழுந்து உள்நாட்டு வழியை மறித்து நிற்கிறது. மலைகளுக்குள் தனித்தனியே வளர்ந்த பேச்சுகளும் பல: ஃபூசோ நகரத்தவரும் ஷியாமென் நகரத்தவரும் அவரவர் தாய்மொழியில் பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. சீனத்தின் பிற பகுதிகளோடு இணைக்கும் ரயில் பாதையே 1950களில்தான் வந்தது.

கடல் பக்கம் கதை வேறு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமில்லாத தைவான் நீரிணையின் பெரும்பகுதி அப்போது தரை. பனி உருகி நீர்மட்டம் ஏறியதும், ஆறுகள் அறுத்து வைத்திருந்த பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்தது. குன்றுகள் தீவுகளாயின, பள்ளத்தாக்குகள் விரிகுடாக்களாயின. நேர்கோட்டில் 500 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் இந்தக் கரை, நெளிவு சுளிவுகளோடு அளந்தால் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீள்வது இதனால்தான். புயலுக்கு ஒதுங்க இடம் உண்டு, கப்பல் கட்ட மலையில் மரம் உண்டு. குளிர்காலத்து வடகிழக்குக் காற்று பாய்மரத்தைத் தெற்கே செலுத்தும். கோடையில் தென்மேற்குக் காற்று திரும்ப வீடு சேர்க்கும்.

இந்த வாய்ப்புகளை முழுதாகப் பயன்படுத்திய ஊர் சுவான்சோ. 1087-இல் அரசு அங்கே கடல் வணிக அலுவலகம் திறந்தது. அதற்கும் முன்பே, 1053 முதல் 1059 வரை, லுவோயாங் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு கற்பாலம் எழுந்தது. அதன் கட்டுமானம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஓதம் நாள்தோறும் ஏறி இறங்கும் சேற்றுப் படுகை அது. நாட்டிய தூண் நிற்காது. எனவே பாலத்தின் நீளம் முழுக்க ஆற்றடியில் கற்களைக் கொட்டி அகலமான மேடை அமைத்து, அதன்மேல் தூண்களை எழுப்பினார்கள். நீரின் வேகத்தைப் பிளக்கத் தூண்களுக்குப் படகின் முனைபோல வடிவம். பிறகு அந்தக் கற்களில் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி தன்னைப் பாறையோடு ஒட்டிக்கொள்ளச் சுரக்கும் பொருள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வளர்ந்து, தளர்ந்த கற்களை ஒரே பாறையாக இறுக்கின. செத்த சுண்ணாம்பு கரையக்கூடும். உயிருள்ள சிப்பிக் கூட்டமோ தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். பலமுறை பழுது பார்க்கப்பட்ட அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது.

கப்பல்களிலும் இதே கூர்மை. 1974-இல் சுவான்சோ விரிகுடாவின் சேற்றிலிருந்து 13-ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். எஞ்சிய உடல் 24 மீட்டர் நீளம். குறுக்குச் சுவர்கள் அதை 13 அறைகளாகப் பிரித்திருந்தன. ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். உள்ளே வாசனை மரங்களும் மிளகும் இருந்தன.

அந்தக் கடல்வழியில் தமிழ் வணிகர்களும் இருந்தார்கள். சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது 1281-இல், சம்பந்தப் பெருமாள் என்பவர் சீனத்தை அப்போது ஆண்ட யுவான் பேரரசர் குப்லாய் கானின் நலத்துக்காகச் சுவான்சோவில் சிவனுக்குத் திருமேனி எழுந்தருளச் செய்ததைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. கோயிலின் பெயர் திருக்கதலீசுவரம். கல்லின் அடியில் சீன எழுத்தும் உண்டு. அந்நகரின் கையுவான் பௌத்த விகாரையில் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய தூண்களை இன்றும் காணலாம்.

யுவான் ஆட்சியின் இறுதிக்காலக் கலவரம், மிங் அரசர்களின் கடல் தடை, துறைமுகத்தில் சேர்ந்த வண்டல் எல்லாமாகச் சுவான்சோவைத் தாழ்த்தின. மலை மட்டும் மாறவில்லை. நெல் விளையாத சரிவுகளுக்கு, சென் ஜென்லோங் என்ற வணிகர் 1593-இல் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து சர்க்கரைவள்ளிக் கொடியைக் கொண்டுவந்தார். அது பஞ்ச காலத்தில் உயிர் காத்தது. அதற்குப் பிறகும் நிலம் போதாமல் நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் கப்பல் ஏறினார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழர்களுக்கு அண்டை அயலாராக வாழும் ஹொக்கியன் சீனர்கள் இந்தக் கரையிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள்.