புது லேப்டாப்பா, பழைய லேப்டாப்பா? பணம் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

பிள்ளைகள் கல்லூரியில் சேரும் நேரத்தில் பல வீடுகளில் எழும் கேள்வி இது. கையில் இருப்பதோ ஒரு குறிப்பிட்ட தொகை. அதே தொகைக்குப் பெட்டி பிரிக்காத புது லேப்டாப்பும் கிடைக்கிறது, ஏதோ ஒரு கம்பெனி ஆறேழு வருடத்துக்கு முன் வாங்கிப் பயன்படுத்திவிட்டு ஒதுக்கிய லேப்டாப்பும் கிடைக்கிறது. "புதுசுதான் நல்லது" என்பார் ஒருவர். "பழசுதான் இரும்பு மாதிரி உழைக்கும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதி உண்மைதான். தயாரித்த வருடத்தோடு சேர்த்து மூன்று விஷயங்களை நாம் பார்க்க வேண்டும். அது யாருக்காகச் செய்யப்பட்டது? பழுதானால் எதையெல்லாம் மாற்ற முடியும்? இன்னும் எத்தனை காலத்துக்கு அப்டேட் கிடைக்கும்?

யாருக்காகச் செய்யப்பட்டது?

ஒவ்வொரு நிறுவனமும் வீட்டு உபயோகத்துக்கு ஒரு வரிசையும், அலுவலகங்களுக்கு ஒரு வரிசையும் தயாரிக்கிறது. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூட், ஹெச்பியின் எலைட்புக் ஆகியவை அலுவலக வரிசை. கம்பெனிகள் இவற்றை மொத்தமாக வாங்கி, சில வருடங்களில் மாற்றிவிடுகின்றன. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விற்கப்படும் பழைய லேப்டாப்களில் பெரும் பகுதி இப்படி வந்தவையே.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் திரையைத் திறந்து மூடும் கீல் பகுதியில் நன்றாகத் தெரியும். விலை குறைந்த மாடல்களில் கீலின் ஸ்குரூ, பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளைத் துண்டில்தான் இறங்கியிருக்கும். தினமும் திறந்து மூட மூட அந்தத் துண்டு பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அலுவலக வரிசையில் பெரும்பாலும் கீலைத் தாங்க உள்ளே உலோகச் சட்டம் இருக்கும். திங்க்பேட் கீபோர்டில் தண்ணீர் சிந்தினால் அது வடிந்து கீழே போக வழியும் வைத்திருப்பார்கள்.

எதையெல்லாம் மாற்ற முடியும்?

2018ல் வந்த திங்க்பேட் டி480 இதற்கு நல்ல உதாரணம். அதில் ரேம் போட இரண்டு ஸ்லாட் உண்டு. எஸ்எஸ்டியையும் மாற்றலாம். உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி என்று இரண்டு இருப்பதால், லேப்டாப்பை ஆஃப் செய்யாமலே வெளிப் பேட்டரியைக் கழற்றி வேறு மாட்டலாம். அடுத்த வருடம் வந்த டி490ல் ஒரு பகுதி ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, ஒரே ஒரு ஸ்லாட்தான் மிஞ்சியது. வெளிப் பேட்டரியும் போய்விட்டது. லேப்டாப் மெலிந்தது, வாங்கியவருக்கு இருந்த வசதி குறைந்தது.

அதற்காகப் புதியதெல்லாம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. 2024ல் வந்த திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறையில் இரண்டு ரேம் ஸ்லாட்டும் திரும்பி வந்தன. ஆப்பிளை எடுத்துக்கொண்டால், 2015 முதல் 2019 வரை வந்த பல மேக்புக்குகளின் 'பட்டர்ஃபிளை' கீபோர்டில் சிறு தூசி போனாலே எழுத்து விழாமல் போனது. நிறுவனமே இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டம் அறிவிக்க நேர்ந்தது. 2020 இறுதியில் வந்த எம்1 மேக்புக் ஏர் அந்தக் குறை நீங்கியது. ஃபேன் இல்லாமலே வேகமாக இயங்கும், பேட்டரியும் அதிக நேரம் நிற்கும். ஆனால் ரேமையும் ஸ்டோரேஜையும் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போதே தேவையைக் கணக்கிட்டுவிட வேண்டும்.

ஐ7 என்ற பெயர் மட்டும் போதாது

கடைகளில் "இது ஐ7, அது ஐ5தான்" என்று சொல்லி விலையைக் கூட்டுவார்கள். ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த ஐ7-7500யு பிராசஸரில் இரண்டு கோர்தான். எட்டாம் தலைமுறையின் ஐ5-8250யுவில் நான்கு கோர். ஆகவே கோடுக்குப் பின்னால் வரும் எண்ணையும் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 1135 என்றால் பதினொன்றாம் தலைமுறை.

இதேபோல, புதிது என்ற பெயரில் செலரான் என்4020 பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ் கொண்ட லேப்டாப்களும் விற்கப்படுகின்றன. விண்டோஸ் அப்டேட்டுகளே அந்த இடத்தை நிரப்பிவிடும். பல மாடல்களில் ரேமையும் கூட்ட முடியாது. இதைவிட எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி கொண்ட பழைய அலுவலக லேப்டாப் பல மடங்கு மேல்.

எவ்வளவு பழசு வரை போகலாம்?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் பிராசஸர்களில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே விண்டோஸ் 11ன் ஆதரவுப் பட்டியலில் உள்ளன. அதற்கு முந்திய லேப்டாப்களில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவார்கள். ஆனால் அதற்கு அப்டேட் தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. லினக்ஸ் பயன்படுத்தத் தெரிந்தவர்களைத் தவிர மற்றவர்கள் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம்.

புதிது எங்கே வெல்லும்?

வாரன்டி, எடை, பேட்டரி நேரம், திரை, கேமரா ஆகியவற்றில் நடுத்தர விலைக்கு மேற்பட்ட புதிய மாடல்கள் முன்னே நிற்கின்றன. டி480ல் கேமரா 720பி மட்டுமே, சில பிரிவுகளில் திரையும் 1366க்கு 768தான். வீடியோ எடிட்டிங், கனமான டிசைன் மென்பொருட்கள் தேவைப்படும் படிப்புக்குப் பழைய ஐ5 திணறும். நாள் முழுக்க வகுப்பில் இருந்து, சார்ஜ் போட இடமில்லாத மாணவருக்கும் புதியதே ஏற்றது.

பழையது வாங்கும்போது கடையிலேயே சோதிக்க வேண்டியவை

- விண்டோஸில் உள்ள பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து, டிசைன் கெப்பாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.
- பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் வாங்காதீர்கள். பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மேக்புக் என்றால் முந்தியவரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்க வேண்டும்.
- வெள்ளைத் திரை வைத்து புள்ளி, கறை, மங்கல் பாருங்கள். எல்லா எழுத்துகளையும் ஒருமுறை தட்டுங்கள். எல்லா யுஎஸ்பி போர்ட்டிலும் பென்டிரைவ் போட்டுப் பாருங்கள்.
- கீலை மெதுவாகப் பத்து முறை திறந்து மூடுங்கள். சத்தமோ விரிசலோ இருந்தால் விலகிவிடுங்கள்.
- டி480 போன்ற அக்கால திங்க்பேட்களில் தண்டர்போல்ட் போர்ட்டுக்கான ஃபர்ம்வேர் அப்டேட்டை லெனோவோ வெளியிட்டிருக்கிறது. அதைப் போடாவிட்டால் போர்ட் பழுதாகலாம். வாங்கியதும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

வளைகுடாவிலிருந்து வாங்கி அனுப்புபவர்கள், கீபோர்டில் அரபி எழுத்து இருக்கிறதா, அந்த வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவாக

பட்ஜெட் குறைவு, தேவை டைப்பிங், ஆன்லைன் வகுப்பு, சாதாரண புரோகிராமிங் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பழைய அலுவலக லேப்டாப்பே லாபம். வாங்கும் தொகையில் கொஞ்சத்தை பேட்டரிக்கும் எஸ்எஸ்டிக்கும் ஒதுக்கி வையுங்கள். பட்ஜெட் கூடுதலாக இருந்தால், ரேமைக் கூட்ட வசதியுள்ள புதிய மாடலைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் நடுவே நின்று, விலை மலிவு என்பதற்காக மட்டும் ஒரு புது செலரான் லேப்டாப்பை வாங்கிவிடாதீர்கள். ஒரு வருடத்தில் அது மூலையில் கிடக்கும், பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கும், நாம் மறுபடியும் பணம் தேட வேண்டிவரும்.

லேப்டாப் வாங்க நினைக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இதை எத்தி வையுங்கள்.