நிதி உறங்குகிறது, கரையோர வீடுகள் இடிகின்றன

2025 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் செலவுக் கணக்கை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. 2024-25 நிதியாண்டில் 'மாசுக் கட்டுப்பாடு' என்னும் திட்டத்திற்கு ஒதுக்கப்பட்ட தொகை ரூ.858 கோடி. 2025 ஜனவரி 21 வரை செலவானது ரூ.7.22 கோடி, நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. திட்டத்தைத் தொடர்வதற்கான ஒப்புதல் வரவில்லை என்பது அமைச்சகம் கூறிய காரணம்.

இதை டெல்லியின் கணக்கு விவகாரம் என்று நாம் கடந்துபோக முடியாது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் நீர்நிலைகளை ஒட்டி வாழும் தலித் மக்களின் வாழ்வுரிமை இதில் அடங்கியிருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

வாரியங்களுக்கு யார் பணம் தருகிறார்கள்?

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒன்றிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் உருவானது. இச்சட்டத்தின் 34, 35ஆம் பிரிவுகள், ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் தத்தம் வாரியங்களுக்கு ஆண்டுதோறும் நிதி வழங்கலாம் என்கின்றன. எவ்வளவு தேவை என்பதை அரசே முடிவு செய்யும். 'வழங்கலாம்' என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். வழங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் சட்டத்தில் இல்லை.

இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்ய, 1977இல் நீர் மேல்வரிச் சட்டம் வந்தது. தொழிற்சாலைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் தாம் பயன்படுத்தும் நீரின் அளவுக்கேற்ப வரி செலுத்தின. அதில் ஒரு பங்கு மாநில வாரியங்களுக்குத் திரும்பி வந்தது. சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த 2017 ஜூலையில் அந்த வரி நீக்கப்பட்டது.

ஆகவே இன்று மாநில வாரியங்கள் பெரும்பாலும் இசைவாணைக் கட்டணத்தை நம்பி இயங்குகின்றன. ஒரு தொழிற்சாலை தொடங்கவும், இயங்கவும், இசைவாணையைப் புதுப்பிக்கவும் செலுத்தும் கட்டணம் அது. யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்கள் தரும் பணத்தில்தான் கண்காணிப்பவர்களின் அலுவலகம் நடக்கிறது. அனுமதி வழங்கினால் வருவாய் வரும். ஆய்வுக்குச் சென்றால் செலவு மட்டுமே ஆகும். ஓர் அதிகாரி நேர்மையானவராக இருந்தாலும் இந்த அமைப்பு அவரைக் கோப்புகளுக்குள்ளேயே இருத்திவைக்கும். நாடு முழுவதும் மாநில வாரியங்களில் ஏறத்தாழப் பாதிப் பணியிடங்கள் காலியாக உள்ளன என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீர் மாதிரி எடுக்க ஆள் இல்லை என்றால், கழிவை விட்டவர் யார் என்பதற்குச் சான்றும் இருக்காது.

தண்டனை யாருக்கு?

தியாகராய நகர் வழியே செல்லும் மாம்பலம் கால்வாய் அடையாற்றில் கலக்கிறது. மயிலாப்பூரின் ஓரமாகப் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. இரண்டிலும் கலக்கும் கழிவுநீரின் பெரும்பகுதி, பாதாளச் சாக்கடை இணைப்பும் மாடி வீடுகளும் வணிக வளாகங்களும் உள்ள தெருக்களிலிருந்து வருகிறது. அதைச் சுத்திகரிக்க வேண்டியவை அரசின் அமைப்புகள். அவற்றைக் கேள்வி கேட்க வேண்டியது வாரியம். நிதியும் ஆளும் அற்ற வாரியம் மற்றோர் அரசு அமைப்பை எதிர்த்து நிற்குமா?

ஆனால் நீர்நிலைகளைக் காக்கும் நடவடிக்கை என்ற பெயரில் கண்ணுக்குத் தெரியும்படி நடப்பது ஒன்று உண்டு: குடிசைகளை அகற்றுவது. 2015 வெள்ளத்திற்குப் பிறகு அடையாற்றங்கரை மக்கள் பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய கோவிந்தசாமி நகர் வீடுகள் நீதிமன்ற உத்தரவின்பேரில் இடிக்கப்பட்டன. அதை எதிர்த்துத் தீக்குளித்த ஒருவர் உயிரிழந்தார். அதே கால்வாயின் நடுவே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று அழைப்பதில்லை.

வெளியேற்றப்பட்டவர்களின் புதிய இருப்பிடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. கால்வாயைக் காக்க என்று அகற்றப்பட்டவர்களைச் சதுப்புநிலத்தின் விளிம்பில் குடியேற்றுவதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று ஏற்க முடியாது.

கரையோரம் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள் என்பது தற்செயலானதன்று. ஊருக்குள் நிலம் மறுக்கப்பட்டவர்கள் எவரும் விரும்பாத தாழ்வான இடங்களில் குடியேறினார்கள். இந்நகரின் சாக்கடையில் இறங்கி அடைப்பை நீக்கியவர்களும் அவர்களே. கழிவுநீர்த் தொட்டி, சாக்கடை மரணங்களின் அரசுக் கணக்கில் தமிழ்நாடு முன்னிலையில் இருப்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இயந்திரத்திற்கும் சுத்திகரிப்புக்கும் கண்காணிப்புக்கும் செலவிடப்படாத ஒவ்வொரு ரூபாயையும் ஏதோ ஓர் உடல் ஈடுகட்டுகிறது. அது யாருடைய உடல் என்பதைச் சாதி தீர்மானிக்கிறது.

நாம் எதைக் கேட்பது?

முதலாவது, வாரியங்களுக்கான அரசு நிதி சட்டக் கடமையாக்கப்பட வேண்டும். இசைவாணைக் கட்டணம் அரசுக் கருவூலத்திற்குச் சென்று, கண்காணிப்புக்குத் தனி ஒதுக்கீடாகத் திரும்பி வர வேண்டும்.

இரண்டாவது, வாரியத்தில் இடம். விவசாயம், மீன்வளம், தொழில், வணிகம் ஆகியவற்றுடன், அரசு தேவையெனக் கருதும் பிற நலன்களுக்கும் உறுப்பினர்களை நியமிக்கலாம் என்று நீர்ச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கூறுகிறது. தூய்மைப் பணியாளர்களின் நலனும் கரையோர மக்களின் நலனும் அந்தப் 'பிற நலன்' ஆவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

மூன்றாவது, மாணவர்கள் இன்றே செய்யக்கூடியது. அதே சட்டத்தின் 25(6) பிரிவின்படி, இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டை வாரியம் பராமரிக்க வேண்டும். கழிவு வெளியேற்றத்தால் பாதிக்கப்படுபவர் தமக்குத் தொடர்புடைய பகுதியை நேரில் பார்வையிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ரூ.10 கட்டணம் செலுத்தி, வாரியத்தின் ஆண்டு வரவு, செலவு, காலிப் பணியிடங்கள், நம் பகுதியில் எடுக்கப்பட்ட நீர் மாதிரிகள் ஆகியவற்றைக் கேட்கலாம். முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

அடுத்த முறை ஒரு கரையோரக் குடியிருப்பில் வெளியேற்ற அறிவிப்பு ஒட்டப்படும்போது, அந்தக் கணக்குகள் நம் கையில் இருக்க வேண்டும். மாசைத் தடுக்க எவ்வளவு செலவிட்டீர்கள் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல், மக்களை மாசு என்று அகற்ற எந்த அரசுக்கும் உரிமையில்லை.