யூனானி மரபில் ரோஸ்மேரி

இன்று பலருக்கும் தலைமுடி எண்ணெயின் பெயராகவே அறிமுகமாகும் ரோஸ்மேரி, மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த வறண்ட பாறைச் சரிவுகளைத் தாயகமாகக் கொண்ட புதர்ச்செடியாகும். கிரேக்க மருத்துவ அறிவை அரபு அறிஞர்கள் விரித்தெழுதியதால் உருவான யூனானி மருத்துவம் இதனை நெடுங்காலமாக அறியும். அந்தலூசியாவில் பிறந்து 1248இல் டமஸ்கஸில் மறைந்த இப்னு அல்பைத்தார் தமது மருந்துப் பொருள் நூலில் 'இக்லீலுல் ஜபல்' என்னும் பெயரில் இதைப் பதிவு செய்தார். சூடும் வறட்சியும் இதன் மிஸாஜ், அதாவது உடலில் அது விளைவிக்கும் இயல்பு, எனக் கொள்ளப்பட்டதால், குளிர்ச்சியால் வந்தவையாகக் கருதப்பட்ட வாயுப் பொருமலுக்கும் மூட்டு நோவுக்கும் இது உரியதாயிற்று.

ஊசிபோல் ஒடுங்கிய இதன் இலைகள் மேற்புறம் கரும்பச்சையாகவும் கீழ்ப்புறம் வெண்மயிர் படர்ந்தும் இருப்பதோடு, விளிம்புகள் உட்சுருண்டு நீர் ஆவியாவதைக் குறைக்கின்றன. கல்முனைக் கரையோர வளவுகளில் வளரும் துளசி, கற்பூரவள்ளி, தும்பை ஆகியவற்றின் குடும்பமே இதன் குடும்பமும். கச்சான் வீசும் வறண்ட மாதங்களையும் மணல் தரையையும் தாங்கக்கூடிய இச்செடிக்கு மாரியில் வேரடியில் தேங்கும் நீரே எமன். ஆகவே அடியில் துளையிட்ட சாடியில் வைத்துத் தாழ்வாரத்தடியில் வளர்ப்பதே அறிவுடைமை.

ஐரோப்பிய மருந்து முகமை, இலையின் கசாயத்தைச் செரிமானக் கோளாறுக்கும், அதன் எண்ணெயை மேற்பூச்சாகவும் குளியல் நீரிலும் தசை, மூட்டு வலிக்கும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அந்த ஏற்பு நீண்டகாலப் பயன்பாட்டை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது, மருத்துவச் சோதனைகளை அன்று. இலையிலுள்ள கார்னோசிக் அமிலம் கொழுப்பு காறிப்போவதைத் தாமதப்படுத்துவது இதைவிட உறுதியாக நிறுவப்பட்டதாகும். ஐரோப்பாவில் ரோஸ்மேரிச் சாறு ஈ392 என்னும் எண்ணுடன் உணவுப் பாதுகாப்புப் பொருளாகச் சேர்க்கப்படுகிறது. இறைச்சியோடு இதைச் சமைத்த பழைய பழக்கம் சுவைக்காக மட்டும் நிலைத்திருக்காது போலும்.

தலைமுடிப் புகழுக்கு ஆதாரமாகப் பெரிதும் காட்டப்படுவது 2015இல் வெளியான ஈரானிய ஆய்வு. முடி உதிர்ந்த ஆண்கள் ஆறு மாதம் ரோஸ்மேரி எண்ணெயையோ 2 சதவீத மினொக்ஸிடில் மருந்தையோ பூசியபோது இரு பிரிவினரிடமும் முடி ஏறத்தாழ ஒரே அளவில் கூடியது. ஆனால் எதையும் பூசாத பிரிவு அதில் இல்லாததால், விளம்பரங்கள் கூறும் உறுதியை அந்த ஆய்வு தராது. செறிந்த எண்ணெயில் கற்பூரப் பொருள் இருப்பதால் அதைக் குடிப்பது ஆபத்து. வலிப்பு நோயுள்ளோரும் கர்ப்பிணிகளும் கறிக்கு இடும் அளவைத் தாண்டாதிருத்தல் வேண்டும்.