மூடிய இமைக்குள் ஓடும் கண்கள்



"நான் தூங்கும்போது என் மூளையும் தூங்கிவிடுமா?" இப்படி ஒரு கேள்வி உங்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? தோன்றியிருந்தால், சபாஷ்! பெரிய பெரிய விஞ்ஞானிகளே பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது.

இந்த மாதம் அதற்கு விடை தேடிப் போகலாம், வாருங்கள். விடையும் சுவையானதுதான். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதை அதைவிடச் சுவையானது.

முதலில் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டில் குட்டிப் பாப்பா இருக்கிறதா? அது தூளியில் தூங்கும்போது சத்தம் போடாமல் கிட்டே போய்ப் பாருங்கள். தொடக்கூடாது, எழுப்பக்கூடாது. பார்க்க மட்டும்தான்.

இமை மூடியிருக்கும். அந்த மெல்லிய தோலுக்கு அடியில் ஒரு சின்ன மேடு தெரிகிறதா? அதுதான் விழியின் முன்பக்கம். சில நேரம் அந்த மேடு அசையாமல் இருக்கும். சில நேரம் இடமும் வலமுமாக விறுவிறுவென்று ஓடும். கூடவே உதடு துடிக்கும். விரல்கள் வெடுக்கென்று இழுக்கும். திடீரென்று ஒரு சிரிப்பு வரும். பாப்பா தூக்கத்தில் இப்படிச் சிரித்தாலும் சிணுங்கினாலும், "நரி விரட்டுது" என்பார்கள் நம் பாட்டிமார்.

நரி வருகிறதோ இல்லையோ, கண் ஓடுவது நிஜம். தூங்குகிற கண் எதற்காக ஓட வேண்டும்?

தூங்குபவரிடம் கேட்க முடியுமா?

மனிதர்கள் எப்படி நினைக்கிறார்கள், எப்படி உணர்கிறார்கள், எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் அறிவியலுக்கு உளவியல் என்று பெயர். இதில் ஒரு சங்கடம் உண்டு. கல்லை எடை போடலாம். இலையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். மனதை எடுத்து மேசைமேல் வைக்க முடியாது.

விழித்திருப்பவர் என்றால், "இப்போது என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடலாம். தூங்குபவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் விழித்துக்கொள்வாரே! அப்புறம் அவர் தூங்குபவரே இல்லையே!

புரிகிறதா சிக்கல்? எழுப்பாமலே உள்ளே நடப்பதை அறிய ஒரு வழி வேண்டும்.

அந்த வழியைத் திறந்துவிட்டவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். மூளையில் உள்ள நரம்புச் செல்கள் நுண்ணிய மின்சாரத்தால் செய்தி அனுப்புகின்றன. அந்த மின்சாரத்தைத் தலைக்கு வெளியே இருந்தே பதிவு செய்ய முடியுமா என்று பல ஆண்டுகள் முயன்றார் பெர்கர். 1924-ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு, 1929-ல்தான் அதை வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் 'இ.ஈ.ஜி.' என்கிறார்களே, அது இதுதான். தலையில் வலிக்காமல் சில உலோக வில்லைகளை ஒட்டுவார்கள். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால், அதில் சில பத்துப் பங்கு மின்சாரம்தான் அங்கே கிடைக்கும். அதைப் பெருக்கிக் காட்டினால் அலை அலையாகக் கோடு வரும்.

அந்தக் கோட்டை எப்படிப் படிப்பது? இப்படி யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் மதில் சுவருக்கு வெளியே நிற்கிறீர்கள். உள்ளே பார்க்க முடியாது, சத்தம் மட்டும் கேட்கும். இன்டர்வெல் மணி அடித்துவிட்டது. ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். ஒரே இரைச்சல், ஆனால் எந்தக் குரலும் தனியாகத் தூக்கலாகக் கேட்கவில்லை. விழித்திருக்கும் மூளையின் கோடு இந்த மாதிரிதான். வேகமான, சின்னச் சின்ன அலைகள்.

மறுபடி மணி அடிக்கிறது. எல்லாரும் வகுப்புக்குப் போய், ஒரே குரலில் நிதானமாக வாய்ப்பாடு சொல்கிறார்கள். "ஈரெண்டு நாலு… மூவிரண்டு ஆறு…" சத்தம் மெதுவாக, ஆனால் பெரிதாக எழுந்து அடங்குகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும் மூளையின் கோடு இந்த மாதிரி. லட்சக்கணக்கான செல்கள் ஒன்றாக இயங்கி ஒன்றாக ஓய்வதால், மெதுவான, உயரமான அலைகள்.

சரி, நினைவில் வைத்துக்கொண்டீர்களா? இரைச்சல் என்றால் விழிப்பு. ஒரே குரல் என்றால் ஆழ்ந்த தூக்கம். இப்போது கதைக்குள் போகலாம்.

எட்டு வயதுப் பையனின் இரவு

1951 டிசம்பர். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். யூஜின் அசெரின்ஸ்கி அங்கே ஆராய்ச்சி மாணவர். அவருடைய பேராசிரியர் நதானியேல் க்ளெய்ட்மன், தூக்கத்தை ஆராய்வதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர்.

அந்தக் காலத்தில் ராத்திரி முழுக்கப் பதிவு செய்வதைக் காகித விரயம் என்று நினைத்தார்கள். இடையிடையே கொஞ்சம் பதிவு செய்துவிட்டு இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். தூக்கத்தில் என்ன பெரிதாக நடந்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான் காரணம்.

அசெரின்ஸ்கி நிறுத்தவில்லை. கட்டடத்தில் சும்மா கிடந்த ஒரு பழைய பதிவுக் கருவியைத் தேடி எடுத்தார். தன் எட்டு வயது மகனையே படுக்க வைத்தார். கண்ணோரத்திலும் தலையிலும் வில்லைகளை ஒட்டினார். பக்கத்து அறையில் விடிய விடிய உட்கார்ந்தார். மைப் பேனாக்கள் கோடு போட்டுக்கொண்டே போக, ஓர் இரவுக்குச் சுமார் 800 மீட்டர் நீளத் தாள் ஓடியது.

பையன் தூங்கினான். கோடுகள் மெதுவாகின. ஒரே குரலில் வாய்ப்பாடு கேட்க ஆரம்பித்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் பேனாக்கள் திடீரென்று படபடவென்று ஆடத் தொடங்கின. கண்கள் வேகமாக ஓடுவதாகத் தாள் சொன்னது. மூளையின் அலைகளும் விழித்திருப்பவருடையதைப் போல மாறியிருந்தன. என்ன இது, நடுராத்திரியில் இன்டர்வெல் இரைச்சல்? பையன் எழுந்துவிட்டானா என்று போய்ப் பார்த்தார். அவனோ நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்!

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? "கண்டுபிடித்துவிட்டேன்!" என்று ஓடியிருப்பீர்களா?

அசெரின்ஸ்கி ஓடவில்லை. முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டார். பழைய இயந்திரம் ஆயிற்றே, கோளாறாக இருக்கலாம். இரண்டு கண்களையும் தனித்தனியாகப் பதிவு செய்து பார்த்தார். தூங்குபவரின் இமைகளை நேரிலும் உற்றுப் பார்த்தார். வேறு பலரையும் தூங்க வைத்துப் பதிவு செய்தார். எல்லாரிடமும் அதே ஓட்டம். சந்தேகப்படுவதும் சரிபார்ப்பதும்தான் விஞ்ஞானியின் முதல் குணம், கண்மணிகளே.

27-ம் 23-ம்

அடுத்த கேள்வி: கண் ஓடும் நேரத்தில் கனவு வருகிறதா?

தூங்கியவர்களை எழுப்பிக் கேட்டார்கள். கண் ஓடும்போது 27 தடவை எழுப்பினார்கள். அதில் 20 தடவை, கண்ணால் பார்த்தது போல விவரமான கனவைச் சொன்னார்கள்.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம் அல்லவா? அவர்கள் நிறுத்தவில்லை. கண் ஓடாத நேரத்திலும் 23 தடவை எழுப்பினார்கள். ஏன் என்று கொஞ்சம் யோசியுங்கள். அவசரம் வேண்டாம்.

யோசித்தீர்களா? ராத்திரியில் எப்போது எழுப்பினாலும் எல்லாரும் கனவு சொல்வார்கள் என்றால், அந்த 20-க்கு ஒரு மதிப்பும் இல்லை. கனவுக்கும் கண் ஓட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், கண் ஓடாத நேரத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். அப்படி எழுப்பிய 23-ல் 19 தடவை, "எதுவுமே நினைவில்லை" என்ற பதில்தான் வந்தது. இப்போது அந்த 20-க்கு எவ்வளவு பலம் வந்துவிட்டது பார்த்தீர்களா!

1953-ல் அசெரின்ஸ்கியும் க்ளெய்ட்மனும் இதை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கண் விரைந்து ஓடும் இந்தத் தூக்கத்தை இன்று 'ரெம்' தூக்கம் என்கிறார்கள். மற்ற நேரத் தூக்கத்திலும் சில கனவுகள் வருவதுண்டு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். இப்படித் திருத்தித் திருத்தித்தான் அறிவியல் வளர்கிறது.

இன்று நமக்குத் தெரிந்தது இது. ராத்திரியில் தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதலில் லேசான தூக்கம், பிறகு ஆழ்ந்த தூக்கம், பிறகு ரெம். இந்தச் சுற்று பெரியவர்களுக்கு ஏறக்குறைய 90 நிமிடம். ஓர் இரவில் நான்கைந்து சுற்று வரும். விடிய விடிய ரெம் நேரம் நீண்டுகொண்டே போகும். காலையில் எழும்போது கனவு ஞாபகம் இருப்பது அதனால்தான். பிறந்த குழந்தைக்கோ தூக்கத்தில் ஏறக்குறைய பாதி ரெம்தான். தூளியில் கண் அடிக்கடி ஓடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு வியப்பு. பிரான்சின் லியோன் நகரத்தில் மிஷெல் ஷூவே என்ற விஞ்ஞானி, தூங்கும் பூனைகளை ஆராய்ந்தார். ரெம் நேரத்தில் மூளை சுறுசுறுப்பாக இருக்கிறது, உடம்பின் தசைகளோ தொய்ந்துவிடுகின்றன என்று 1959-ல் கண்டார். நமக்கும் அப்படியே. கனவில் கிரிக்கெட் பந்தைத் துரத்தும்போது நீங்கள் பாயிலிருந்து எழுந்து ஓடாமல் இருப்பது இதனால்தான். பாப்பாவின் விரல் துடிக்கிறதே என்கிறீர்களா? நல்ல கவனம்! இடையிடையே அப்படிச் சின்னத் துடிப்புகள் வரத்தான் செய்யும்.

ஆக, முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தூங்கும்போது வெளியுலக உணர்வு நமக்குக் குறைகிறது. மூளை வேலையை நிறுத்துவதில்லை, வேலையை மாற்றிக்கொள்கிறது.

படித்தது எங்கே போகிறது?

அப்படி என்ன வேலை? ஒன்றை மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு மிகவும் பயன்படும்.

1924-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு மாணவர்களுக்குப் பொருளே இல்லாத பத்து அசைகளை மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள். பொருள் உள்ள சொல் என்றால் முன்பே தெரிந்திருக்கலாம் அல்லவா? அதனால்தான் பொருளற்ற அசைகள். சில நாள் படித்தவுடன் தூங்க வைத்தார்கள். சில நாள் விழித்திருக்க விட்டார்கள். இரண்டுக்கும் ஒரே அளவு இடைவெளி கொடுத்து, எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டார்கள்.

எட்டு மணி நேரம் தூங்கியிருந்தால், பத்தில் பாதிக்கு மேல் நினைவிருந்தது. எட்டு மணி நேரம் விழித்திருந்தால், ஏறக்குறைய ஒன்றுதான் மிஞ்சியது!

இரண்டே பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்லலாமா? கூடாது. இதைக் கேட்கத் தோன்றியவர்களுக்கு இன்னொரு சபாஷ்! பிறகு பலரும், பல இடங்களில், நிறையப் பேரை வைத்துச் சோதித்தார்கள். தூக்கம் நினைவைக் காக்கிறது என்பது உறுதியாயிற்று.

எப்படிக் காக்கிறது? மேத்யூ வில்சன், புரூஸ் மெக்நாட்டன் என்ற இருவர் எலிகளின் மூளையில் தேடினார்கள். எலி ஓரிடத்தைச் சுற்றிவரும்போது சில செல்கள் சேர்ந்து இயங்கின. பிறகு எலி தூங்கும்போது அதே செல்கள் மறுபடி சேர்ந்து இயங்கின. 1994-ல் இதை வெளியிட்டார்கள். பகலில் பழகியதை மூளை தூக்கத்தில் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கிறது!

இனி உங்கள் முறை

நீங்களும் ஆராய்ச்சி செய்யலாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும்.

தினமும் காலையில் மூன்று விஷயம் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினேன்? எத்தனை மணிக்கு எழுந்தேன்? உடம்பு எப்படி இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுங்கள். எழுந்தவுடனே எழுதிவிடுங்கள், தள்ளிப்போட்டால் மறந்துவிடும். பிடித்த மாதிரி மாற்றி எழுதாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அண்ணனையோ அக்காவையோ சேர்த்துக்கொள்வதானால், அவர்கள் சம்மதத்தைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பெரிய ஆராய்ச்சிக்கூடங்களிலும் இதே விதிதான்.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் பாருங்கள். அதிக நேரம் தூங்கிய நாளெல்லாம் அதிக மதிப்பெண் வந்திருக்கிறதா? வந்திருந்தாலும் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அவை ஞாயிற்றுக்கிழமைகளாக இருந்தால்? உற்சாகம் தூக்கத்தால் வந்ததா, லீவால் வந்ததா? இரண்டு விஷயம் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. இந்த ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் பாதி விஞ்ஞானி.

ஒரே ஒரு சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம். எத்தனை நாள் தூங்காமல் இருக்கலாம் என்று பார்க்காதீர்கள். 1964 ஜனவரியில் அமெரிக்காவில் 17 வயது மாணவர் ஒருவர் 264 மணி நேரம் விழித்திருந்து முடித்தார். அந்த நாட்களில் அவருக்கு எரிச்சல் வந்தது, ஞாபகம் தடுமாறியது. இது ஆபத்து என்பதால், இப்படிப்பட்ட சாதனைகளைக் கின்னஸ் நிறுவனம் இப்போது ஏற்பதே இல்லை.

உங்களுக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும்? 6 முதல் 12 வயது வரை தினமும் 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். தூக்க மருத்துவர்களின் கணக்கு இது.

அதனால் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, இரண்டு மணி வரை கண்விழித்துப் படிக்காதீர்கள் செல்லங்களே. மாலையிலேயே படித்து முடியுங்கள், நேரத்தோடு படுங்கள். படித்தபின் தூங்குவதும் படிப்பில் சேர்ந்ததுதான். நாளைக் காலையில் நோட்டில் முதல் வரியை எழுதிவிடுங்கள்!