பூட்டிய வீட்டுக்குப் பக்கத்தில்

திருப்பதியிலோ சித்தூரிலோ வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் அன்பர்களே, பக்கத்து மனையில் நாளை வணிக வளாகம் எழும்பலாம். திருப்பதி நகர்ப்புற வளர்ச்சி ஆணையமோ, சித்தூருக்கான ஆணையமோ, குடியிருப்பு நிலத்தை வணிக நிலமாக்குமுன் பத்திரிகையில் அறிவித்து ஆட்சேபம் கேட்பது முறை. அவகாசம் பெரும்பாலும் 15 நாள்தான். உள்ளூர்த் தெலுங்குத் தாளில் வந்தால் நம் கண்ணில் படுவதேது?

எதிர்த்தால் பலன் உண்டா? பெங்களூர் ராஜமஹால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென விட்ட இடத்தை 1976இல் அரசு தனியார் மருத்துவமனைக்குத் திருப்பியது. ஆஸ்பத்திரிதானே என்று சும்மா இராமல் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டனர். 1991இல் உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அத்தனை ஆண்டு அலைவதைவிட, 15 நாளுக்குள் ஓர் ஆட்சேபக் கடிதம் போடுவது எளிது. ஊரில் இருக்கும் உறவினரிடம் பத்திரிகையைக் கவனிக்கச் சொல்லி வையுங்கள்.