வெக்கை என்ற சொல்

ஆரணியில் இன்றைக்கு ஒரு இளைஞரிடம் ‘வெக்கை’ என்று சொன்னால், வெயிலைச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். அவருடைய தாத்தாவுக்கோ அது தொழுவத்தையே காலி செய்துவிட்டுப் போகும் நோயின் பெயர். காய்ச்சல் வரும், கண்ணும் மூக்கும் ஒழுகும், வாயெல்லாம் புண்ணாகும், நாற்றமெடுத்த கழிச்சல் போகும். அதன்பின் மாடு எழுந்திருக்காது.

பட்டுக்குப் பேர்போன ஊர்தான். ஆனால் தறிச்சத்தம் கேட்காத தூரம் போனால் நெல்வயல்தான். ஆரணி ஆலைத் தவிட்டிலும் வைக்கோலிலும் வளரும் மாடுகள், அறுத்த வயலில் கிடை போடும் ஆடுகள். ஏர்மாடு செத்த வீட்டில் அந்த வருஷம் உழவும் இல்லை, கல்யாணமும் இல்லை.

அன்று கையில் இருந்தவை வேப்பிலையும் மாரியம்மனுக்கு ஊற்றிய கூழும். கூடவே இரண்டு கட்டுப்பாடுகள்: நோய் கண்டதைத் தனியே கட்டு, வெளியூர் மாட்டை உள்ளே விடாதே. அவற்றை மூடப்பழக்கம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்றும் மருத்துவர் முதலில் சொல்வது அதைத்தான்.

பாலாற்றைத் தாண்டினால் இராணிப்பேட்டை. 1932-இல் அங்கே தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம்தான் இந்தப் பக்கத்துக் கதையை மாற்றியது. 1954-இல் நாடு முழுக்க வெக்கை ஒழிப்பு தொடங்கியது. இந்த நோய்க்கிருமியில் ஒரே வகைதான். ஒழுங்காகப் போட்ட ஒரு ஊசி மாட்டின் ஆயுளுக்கும் காக்கும். பிழைத்த மாடு கிருமியைச் சுமந்து திரியாது. அதனால்தான் வெல்ல முடிந்தது. இந்தியாவில் கடைசியாக வெக்கை கண்டது 1995-இல், வட ஆற்காட்டில். 1989 வரை ஆரணியும் அந்த மாவட்டம்தான். 2011-இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு பூமியிலிருந்து ஒழிந்த இரண்டாவது நோய் அது. நம் மண்ணில் இப்படி ஒரு முடிவு நடந்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

கோமாரி அப்படி அடங்குவதில்லை. கிருமியில் ஓ, ஏ, ஆசியா-1 என்று வகைகள் பல. ஊசியின் பலமும் சில மாதங்களுக்குத்தான். 2013-இல் தமிழ்நாட்டு மாடுகளை அது வாட்டியதைப் பால் ஊற்றுகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள். காதில் பன்னிரண்டு இலக்க வில்லை தொங்குகிறது. கைமருந்தும் போய்விடவில்லை. சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் அரைத்து வாய்ப்புண்ணுக்குக் கொடுக்கும்படி கால்நடைப் பல்கலைக்கழகத்தாரே சொல்கிறார்கள்.

எனக்குக் கவலை ஆட்டுக்காரரைப் பற்றித்தான். 1987-இல் விழுப்புரம் பக்கம் அரசூரில் செம்மறிகள் செத்தபோதுதான், இது வெக்கை அல்ல, அதன் பங்காளியான ஆட்டுக்கொல்லி என்று இந்தியாவில் முதன்முதலாகத் தெரிந்தது. அங்கே எடுத்த கிருமியிலிருந்து சென்னையில் தடுப்பூசி செய்தார்கள். அதற்கு ‘அரசூர் 87’ என்று அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு ஊசி சில ஆண்டுகள் தாங்கும். 2030-க்குள் இதையும் உலகிலிருந்து ஒழிப்பதே இலக்கு.

மருந்து இருக்கிறது, கிடைதான் ஒரு இடத்தில் இருப்பதில்லை. முகாம் நடக்கும் நாளில் ஆடுகள் ஜவ்வாது மலையடிவாரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். திரும்பி வரும்போது ஊசிக்காரர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். கிடை எந்த வயலில், எத்தனை இரவு என்று அறுவடை முடிந்ததுமே பேசி முடிவாகிவிடுகிறது. அந்தக் கணக்கை ஆட்டுக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஐஸ் பெட்டியோடு வயலுக்கே போனால் ஒரே இரவில் ஒரு மந்தை முழுக்க ஊசி போட்டுவிடலாம்.