தகட்டைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் பெரியப்பா மாமல்லபுரத்தில் நாற்பது வருடம் கல் கொத்தியவர். அவருக்கு வயிற்றுக்கு வெளியே சிறுநீர் சேரும் பை வைத்து ஆறு வருடம் ஆகிறது. அதிலிருந்து இந்தப் பக்கம் யாருக்குப் பை வைத்தாலும் எங்கள் வீட்டு முகவரி எப்படியோ அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. போன மாதம் கொக்கிலமேட்டைத் தாண்டி ஒரு மீனவர் குப்பத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கணவர் நான்கு மாதமாகக் கடலுக்குப் போகவில்லை. வீட்டுக்குள் நாற்றம் வருகிறதென்று அவராகவே திண்ணைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாராம்.

"தண்ணி குடிச்சாத்தான தம்பி ஒழுவுது? அதான் பொழுது சாஞ்சா சொட்டுத் தண்ணி குடுக்கறதில்ல."

மஞ்சப்பையிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய பை கோலோஸ்டமி பை. மலம் சேர்வதற்கானது. அடியில் மடித்து கிளிப் போடுகிற ரகம். உள்ளே வால்வும் கிடையாது, திருகு குழாயும் கிடையாது. அறுவைசிகிச்சை செய்த இடத்தில் "ஸ்டாக்கில் இதுதான் இருக்கு" என்று கொடுத்தார்களாம். நான்கு மாதமாக அதையே தேடித் தேடி, காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாமவர். பார்க்கிற எனக்கே அலுத்துவிட்டது. கொடுக்கிறவர்களுக்கு மட்டும் ஏனோ உறுத்தவே இல்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ஒழுகுகிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் சிறுநீர் கெட்டிப்பட்டு வாடை அதிகமாகும், தோல் இன்னும் வெந்துபோகும், கல் உண்டாகும், கிருமி சிறுநீரகம் வரை போகும். வேறு காரணத்துக்காக டாக்டர் அளவு கட்டியிருந்தால் தவிர, ஒரு நாளைக்கு இரண்டு லிட்டராவது உள்ளே போக வேண்டும். நம் கடற்கரை வெயிலுக்கு அதற்கு மேலும் தேவைப்படும்.

சிறுநீர்ப்பையில் புற்று வந்து அதை எடுக்க நேர்ந்தால், சிறுகுடலில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான துண்டை வெட்டி, இரண்டு சிறுநீரகக் குழாய்களையும் அதில் இணைத்து, மறுமுனையை வலது அடிவயிற்றில் வெளியே எடுத்துத் தைக்கிறார்கள். 1950-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் யூஜின் பிரிக்கர் விவரித்த முறை, இன்றும் அதுதான். வெளியே செக்கச்செவேலென்று தெரியும் அந்த வாய்தான் ஸ்டோமா. அதற்கு மூடித் திறக்கும் தசை இல்லை. இரவு பகல் பாராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இதற்கான யூரோஸ்டமி பைக்குள் சிறுநீர் திரும்ப மேலேறாமல் தடுக்க ஒரு வால்வும், அடியில் ஒரு குழாயும் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டும் இல்லாத பையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். படுத்தால் சிறுநீர், பையைத் தோலில் ஒட்டுகிற தகட்டின் மீதே தேங்கி, பிசினைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். முன்காலத்தில் நம் காட்டில் எடுக்கிற கராயா பிசினைத்தான் இந்தத் தகடுகளுக்குப் பயன்படுத்தினார்கள். மலப் பைக்கு அது அருமையான பொருள். சிறுநீர் பட்டால் கரைந்துபோகும். மலத்துக்கு ஒத்துவருவது சிறுநீருக்கு ஒத்துவராது என்பது இந்தத் தொழிலில் அவ்வளவு பழைய பாடம்.

சரி, பை சரியான பைதான், அப்படியும் ஒழுகுகிறதே என்றால்? கழற்றிய தகட்டைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தோலில் ஒட்டியிருந்த பக்கம் சந்தன நிறத்தில் வழவழப்பாக இருக்க வேண்டும். ஒழுகிய இடத்தில் அது வெளுத்து உப்பி, தண்ணீரில் ஊறிய அப்பளம்போல் இருக்கும். நடு ஓட்டையிலிருந்து ஓரம் வரை அந்த வெளுப்பு ஒரு வாய்க்கால் மாதிரி ஓடும். அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில்தான் காரணம் இருக்கிறது. ஓட்டையைச் சுற்றி வட்டமாக வெளுத்திருந்தால், வெட்டிய ஓட்டை பெரிது. ஸ்டோமாவை விட இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்கலாம். அறுவைசிகிச்சைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். முதல் நாள் நர்ஸ் வரைந்து கொடுத்த அளவை ஆறு மாதம் கழித்தும் வைத்து வெட்டிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அளந்து வெட்டுங்கள்.

வெளுப்பு ஒரே பக்கமாக ஓடினால் அங்கே வயிற்றில் மடிப்போ பள்ளமோ இருக்கிறது. பெரியப்பாவுக்குக் கீழ்ப்பக்கம் இடதாக ஓடியது. சிற்பி சம்மணமிட்டு உட்கார்ந்து குனிந்துதான் உளி பிடிப்பார். குனியும்போது விழுகிற மடிப்பும் லுங்கி முடிச்சும் சரியாக அந்த இடத்தில் சந்தித்தன. நடுப்பகுதி குவிந்த தகடும், பள்ளத்தை நிரப்பும் பேஸ்ட்டும், இடுப்பு பெல்ட்டும் வந்த பிறகுதான் அது அடங்கியது. தானாக எதையும் வாங்கி அழுத்தாமல், டாக்டரிடமோ ஸ்டோமா பயிற்சி பெற்ற நர்ஸிடமோ காட்டிவிட்டு வாங்குங்கள். குவிந்த தகடு எல்லா வயிற்றுக்கும் ஆகாது.

இந்த வம்பே வராமல் இருக்க ஒரு வழி உண்டு. அறுவைசிகிச்சைக்கு முன்பே வயிற்றில் இடத்தைக் குறிக்க வேண்டும். படுக்க வைத்துக் குறித்தால் போதாது. நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்துப் பார்த்து, பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். சேலை கட்டுபவர் பாவாடை நாடாவைக் கட்டிக்கொண்டும், லுங்கி கட்டுபவர் லுங்கியோடும் காட்ட வேண்டும். பத்து நிமிட வேலை. கேட்டால் "தியேட்டர்ல பாத்துக்குவாங்க" என்பார்கள். விடாதீர்கள். "எங்கே வரப்போகிறது என்று குறித்துக் காட்டுங்கள், டாக்டர்" என்று அட்மிஷன் அன்றே கேளுங்கள். நாடா அழுத்துகிற இடத்தில் வாய் வைத்துவிட்டால், பிறகு ஆயுள் முழுக்க நீங்கள்தான் நாடாவை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டுப் பிழைகளும் கொஞ்சநஞ்சமல்ல. வெந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு அதன்மேல் தகட்டை ஒட்டினால் எப்படி ஒட்டும்? பவுடர், டெட்டால், வாசனை சோப்பு எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர், காய்ந்த துணி போதும். மாற்றுவதற்குச் சரியான நேரம் விடியற்காலை, காபி குடிப்பதற்கு முன். அப்போதுதான் சொட்டுவது குறைவு. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுங்கள். இரவில் குழாயை நைட் பேக்கில் மாட்டிப் படுங்கள். பைப் பெட்டியை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பரணில் வைத்தால் பிசின் இளகிப்போகும். ஒழுகுகிற ஓரத்தில் பிளாஸ்திரி போட்டு அடைக்கவே அடைக்காதீர்கள். சிறுநீர் உள்ளேயே நின்று தோலை அரிக்கும். தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த அக்கா தலையாட்டிவிட்டுப் போய், மறுவாரமும் அதையேதான் செய்திருந்தார்.

லேப் விஷயம் ஒன்று. யூரின் கல்ச்சர் எழுதிக் கொடுத்தால் பைக் குழாயைத் திறந்து கப்பில் பிடித்துக் கொடுக்கிறார்கள். லேப்காரரும் வாங்கிக்கொள்கிறார். பைக்குள் தேங்கியதில் கிருமி இல்லாமலா இருக்கும்? ரிப்போர்ட் பாசிட்டிவ் வரும், வீணாக ஆன்டிபயாட்டிக் ஓடும். பையைக் கழற்றி, ஸ்டோமாவைத் துடைத்து, சுத்தமான சிறு குழாயை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும். சீட்டிலேயே அப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். வெள்ளையாகச் சளிபோல வருவது குடலின் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். குளிர் காய்ச்சல், விலாவில் வலி, ஸ்டோமா கறுத்துப்போவது, சில மணி நேரமாகச் சிறுநீரே வராதது: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை.

இனி காகித வேலை. இங்கேதான் நம்மவர்கள் மொத்தமாகக் கோட்டை விடுகிறார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அறுவைசிகிச்சைக்கு உதவும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்யலாம். ஆனால் வீட்டுக்கு வந்தபின் மாதாமாதம் வாங்குகிற பைக்கு அதில் வழியில்லை. மாற்றுத்திறனாளி அட்டை கேட்கலாமே என்றால், 2016-ம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஸ்டோமா இல்லை. இதைச் சொல்லாமலேயே "அடுத்த கேம்ப்ல வாங்க" என்று மூன்று முறை அலையவிட்டார்கள் ஒருவரை.

அப்படியானால் கேட்க வேண்டியது எதை? மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. அதில் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் பைகள் வீட்டுக்கே வருகின்றன. ஒரு பை வரும்போது இன்னொரு பை ஏன் வரக்கூடாது? கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுங்கள். 1100 என்ற உதவி எண்ணிலும் பதியலாம். மனுவில் 'உதவி செய்யவும்' என்று மொட்டையாக எழுதினால் மொட்டையாகத்தான் பதில் வரும். 'வால்வும் குழாயும் உள்ள யூரோஸ்டமி பை, இந்த அளவு, மாதம் இத்தனை' என்று எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை இணையுங்கள். அரசு மருத்துவமனைக் கிடங்கில் இல்லாத பொருளை உள்ளூர்க் கொள்முதலில் வாங்க இடமுண்டு. 'கடந்த ஓராண்டில் யூரோஸ்டமி பை எத்தனை வாங்கப்பட்டது, கோலோஸ்டமி பை எத்தனை' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கேள்வி போன பிறகு ஸ்டாக் பதிவேட்டை யாராவது ஒருமுறையாவது திறந்து பார்ப்பார்கள்.

கடையில் பில் வாங்குங்கள். 2022 ஜூலை 18 முதல் ஸ்டோமா பொருட்களுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடுதான். அதற்கு மேல் போட்டிருந்தால் திருப்பிக் கேளுங்கள். மருத்துவக் கருவிகள் 2020 ஏப்ரல் 1 முதல் சட்டத்தின் கண்ணில் மருந்துதான். ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் எம்.ஆர்.பி.யை ஏற்றக்கூடாது. ஏற்றினால் தேசிய மருந்து விலை ஆணையத்துக்கு 1800 111 255-ல் சொல்லலாம். பெட்டியைப் பிரித்து ஒற்றைப் பையாக, அச்சிட்ட விலையே தெரியாமல் விற்கிற கடையில் வாங்காதீர்கள். பில்லும் இல்லை, பெட்டியும் இல்லை என்றால் பிறகு எதை வைத்துப் புகார் கொடுப்பீர்கள்?

பெட்டி என்றதும் சொல்ல வேண்டியது: லாட் எண். அளவும் சரி, ஒட்டிய முறையும் சரி, ஆனாலும் குழாய் அடியில் கசிகிறது, ஓர ஒட்டு விட்டுப்போகிறது, தகடு ஒரே நாளில் உரிந்துவிடுகிறது என்றால் அது உங்கள் தவறு அல்ல, பையின் கோளாறு. கருவிக் கோளாறுகளைப் பதிவதற்கென்றே 2015 ஜூலையிலிருந்து மெட்டீரியோவிஜிலன்ஸ் என்றொரு தேசியத் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் நடத்துகிறது. கட்டணமில்லா எண் 1800 180 3024. அரசு மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் துறையில் படிவம் கேட்டுப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், மாடல், லாட் எண், என்று ஒட்டினோம், எத்தனை மணி நேரத்தில் எங்கே கசிந்தது, தோலுக்கு என்ன ஆனது: இவ்வளவும் எழுத வேண்டும். லாட் எண் இல்லாத புகார் செல்லாத நோட்டு மாதிரி. பெட்டியின் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வையுங்கள், இல்லை போட்டோ எடுங்கள். கோளாறான பையைக் கழுவி ஒரு கவரில் போட்டு வையுங்கள். கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையென்றால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது வருகிற பைகளில் பெரும்பாலானவை பேன்ட் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, குளிர்ந்த ஊரில் வாழ்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. டென்மார்க் நிறுவனம் ஒன்று தகட்டுக்கடியில் ஈரம் பட்டதும் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் அளவுக்குப் போய்விட்டது. நமக்கு வேண்டியது அதைவிடச் சாதாரணம். வியர்வையிலும் உப்புத்தண்ணீரிலும் இரண்டு நாளாவது நிற்கிற பிசின், குந்தி உட்கார்ந்தால் கூடவே மடிகிற மெல்லிய ஓரம், பிளாஸ்டிக் தோலில் ஒட்டி வேர்க்குரு வராதபடி துணி முதுகு, உளியும் வலையும் பிடித்துக் காய்த்த விரல் தடவிப் பார்த்தே 'மூடியிருக்கிறது' என்று தெரிந்துகொள்கிற குழாய். இதைச் செய்ய இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. செங்கல்பட்டில் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கென்று 330 ஏக்கரை ஒதுக்க மத்திய அமைச்சரவை 2017-லேயே ஒப்புதல் கொடுத்தது. ஒரகடத்தில் இன்னொரு பூங்கா. வரைபடம் போடுகிறவர்களின் மேசைக்குக் கொக்கிலமேட்டுப் பக்கத்துக்காரர் புகார் ஒன்றாவது போயிருக்குமா?

அந்த அக்காவின் கணவருக்கு இப்போது சரியான பை. மூன்று நாள் நிற்கிறது என்கிறார். கடலுக்கு இன்னும் போகவில்லை. கரையில் வலை பின்னுகிறார். போன வாரம் போன் செய்தார் அக்கா. "தம்பி, இந்தப் பெட்டியில ரெண்டு பை குழாய்கிட்ட சொட்டுது."

"பெட்டி இருக்காக்கா?"

"அத அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேனே!"